பயோடேட்டாவின் மூலையில் என்ன எழுதுகிறார்கள்? வேலைவாய்ப்பு முகாமில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரியில்தான் நடக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஏற்பாடு செய்யும். வகுப்பறை வாசலில் நிறுவனத்தின் பெயரைத் தாளில் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வியர்த்துக்கொண்டு ஓர் எச்.ஆர்., அதாவது ஆள் எடுக்க வந்த நிறுவன அதிகாரி. வெளியே எட்டாம் வகுப்பு முடித்தவர், ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.காம்., பி.இ. எல்லாரும் ஒரே வரிசையில்.

ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்க முடிந்தாலே அந்த எச்.ஆருக்கு அதிகம். நீங்கள் பேசிவிட்டு எழுந்ததும் உங்கள் பயோடேட்டாவின் மேல் மூலையில் பேனாவால் எதையோ கிறுக்குவார். "ஓசூர் ஓகே." "டேலி தெரியும்." "நைட் ஷிப்ட் வேண்டாம்." சில தாள்களில் வெறும் ஒரு டிக். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. சாயங்காலம் அந்தக் கட்டை எடுத்துப் புரட்டும்போது அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வராது. கிறுக்கியதுதான் கண்ணில் படும். முகாமில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், அந்த மூலையில் எழுத அவருக்கு எதையும் கொடுக்காமல் எழுந்து வருவதுதான்.

பெயரைப் பார்த்து வரிசையில் நிற்பது

எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன, எந்தப் பணிக்கு, என்ன படிப்பு என்ற விவரம் பல முகாம்களுக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பாருங்கள். இல்லையென்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் காலையில் நுழைவாயில் பலகையின் முன்னால் பத்து நிமிடம் நின்று படியுங்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைக்கூடச் செலவழிப்பதில்லை. தெரிந்த பெயர் எதுவோ அங்கே போய் நின்றுவிடுகிறார்கள்.

பெயரில்தான் சிக்கலே இருக்கிறது. வாசலில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் ஏஜென்சிக்காரராக இருக்கலாம். வங்கியின் பெயரைப் பார்த்து பி.காம். மாணவர் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பார். உள்ளே போனால் வேலை, வெயிலில் பைக்கில் சுற்றிக் கடன் விற்பது. விற்பனை வேலை மட்டம் என்று சொல்ல வரவில்லை. பேச்சுத் திறமை உள்ளவர்கள் அதில் வேகமாக மேலே போகிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் நின்றபின் "ஃபீல்டு ஒர்க்கா சார்?" என்று முகம் சுருங்கினால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

எந்த மேசையிலும் தயங்காமல் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "சார், இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா?" கம்பெனி ரோல் என்றால் நேரடியாக அந்த நிறுவனத்தின் ஊழியர். கான்ட்ராக்ட் என்றால் இடையில் ஓர் ஒப்பந்தக்காரர் இருப்பார். அப்ரண்டிஸ் என்றால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல. கிடைப்பது உதவித்தொகை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்ல முடிவாகவே இருக்கலாம். குறிப்பாக டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ஒரு நல்ல தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சிச் சான்றிதழ் பின்னால் பேசும். தெரியாமல் சேர்ந்து, முதல் மாதத் தொகையைப் பார்த்ததும் ஓடிவருவதுதான் நஷ்டம்.

ஜெராக்ஸ் கடை பயோடேட்டா

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு ஃபைல் இருக்கும். பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் அதையே அச்சடித்துக் கொடுப்பார். மேலே சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபடுவேன் என்ற ரீதியில் ஓர் ஆங்கிலப் பத்தி. கீழே அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. கடைசியில் மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. அன்றைக்கு அந்த எச்.ஆர். இதே பத்தியை நூறு தாளில் பார்த்திருப்பார். படிக்கவே மாட்டார்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன படிப்பு, எந்த வருடம் முடிகிறது, எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள், எந்த ஊர்களுக்கு வரத் தயார். மொத்தம் ஒரே பக்கம். மேல் வலது மூலையில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். அவர் எழுதத்தான்.

அடுத்து, மாணவர்கள் மறைக்கும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். தீபாவளி சீசனில் துணிக்கடையில் நின்றிருப்பார்கள். உணவு டெலிவரி செய்திருப்பார்கள். மாமாவின் ஹார்டுவேர் கடையில் பில் போட்டிருப்பார்கள். இதில் ஒன்றும் பயோடேட்டாவில் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் சும்மா சார், பாக்கெட் மணிக்கு" என்பார்கள். வெட்கம். அதற்குப் பதிலாக, பணம் கட்டி வாங்கிய இரண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ் முதல் வரியில் இருக்கும்.

எதிரே இருப்பவரின் கண்ணோட்டத்தில் யோசியுங்கள். புதிதாகச் சேர்பவர்களிடம் அவருக்கு இருக்கும் பெரிய பயம், மூன்றாம் வாரமே நின்றுவிடுவார்களோ என்பது. தீபாவளிக் கூட்டத்தில் ஒரு மாதம் நாள் முழுக்க நின்றபடி துணி எடுத்துப் போட்டவர் சுலபத்தில் ஓடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். "டேலி தெரியும்" என்பதைவிட "மூன்று மாதம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஜி.எஸ்.டி. பில் டேலியில் போட்டேன்" என்ற வரிக்கு எடை அதிகம். மூலையில் அவர் எழுதப்போவதும் அதைத்தான்.

புராஜெக்ட்டுக்கும் இதே கதிதான். நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட்டின் நீளமான தலைப்பை மட்டும் போட்டுவிட்டு, "இதுல நீ என்ன பண்ணே?" என்றதும் விழிப்பார்கள். உங்கள் கைபட்ட பகுதி எது என்று ஒரு வரி எழுதுங்கள். சர்க்யூட்டை சால்டர் செய்தது மட்டும் நீங்கள் என்றால் அதையே எழுதுங்கள். சில தொழிற்சாலைகளுக்கு அதுதான் வேண்டும்.

அரியரை மறைக்காதீர்கள். மார்க் ஷீட் கேட்கும் நாளில் வெளிவந்தே தீரும். "இரண்டு அரியர் இருக்கு சார், இந்த நவம்பர்ல எழுதறேன்" என்று சொன்னால் சில நிறுவனங்கள் விட்டுவிடும், சில எடுத்துக்கொள்ளும். மறைத்துச் சேர்ந்து பின்னால் தெரிந்தால் எடுத்துக்கொண்ட நிறுவனமும் வெளியே அனுப்பும்.

போன் எண் சின்ன விஷயம்போலத் தெரியும். அப்பாவின் எண்ணைக் கொடுப்பார்கள். அவர் வயலிலோ கம்பெனியிலோ இருக்கும்போது அழைப்பு வரும், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அல்லது ரீசார்ஜ் தீர்ந்த எண். அல்லது தெரியாத எண் என்றாலே கட் பண்ணும் பழக்கம். முகாம் முடிந்து இரண்டு வாரத்துக்கு வருகிற எல்லா அழைப்பையும் எடுங்கள், லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பாக இருந்தாலும் சரி. மின்னஞ்சல் முகவரியில் பெயரும் இனிஷியலும் போதும். தலைவர் வெறியர் என்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

"எந்த வேலையா இருந்தாலும் ஓகே சார்"

முகாமில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு இதில் எழுத ஒன்றுமில்லை. அவர் கையில் இருப்பது குவாலிட்டியில் பத்து இடம், ஸ்டோர்ஸில் மூன்று இடம் என்கிற மாதிரி ஒரு பட்டியல். எந்தக் கட்டத்தில் உங்களைப் போடுவது என்று நீங்கள்தான் காட்டவேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கம் சார். டிப்ளமோ மெக்கானிக்கல், இந்த வருஷம் முடிக்கிறேன், ஊர் திண்டுக்கல். குவாலிட்டில இன்ட்ரஸ்ட். வெர்னியர், மைக்ரோமீட்டர் பாக்கத் தெரியும், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப்ல அதான் பண்ணேன். ஷிப்ட் ஓகே, ஓசூர் வர்றதுக்கும் ரெடி."

அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் எழுத நான்கு விஷயம் கிடைத்துவிட்டது.

இதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாமா? பி.பி.ஓ. வாய்ஸ் (கால் சென்டர்), ஐ.டி. போன்ற இடங்களில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிக்கவேண்டும், வேறு வழியில்லை. உற்பத்தி, கணக்கு, கடை, மருத்துவமனை பில்லிங் போன்ற பல வேலைகளுக்கு அப்படி இல்லை. இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துபோகும் மனப்பாட ஆங்கிலத்தைவிட, "தமிழ்ல சொல்லலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத் தெளிவாகச் சொல்வது மேல். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் பெரும்பாலும் இதே மாதிரி ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்தான்.

எந்த ஊருக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு, ஆர்டர் வரும்போது "அம்மாகிட்ட கேக்கணும்" என்று பின்வாங்குவது இன்னொன்று. முந்தின நாள் இரவே வீட்டில் பேசி முடியுங்கள்: எந்த ஊர் வரை, ஹாஸ்டலில் தங்கலாமா, நைட் ஷிப்ட் உண்டா, குறைந்தது எவ்வளவு சம்பளம். பெண்கள் கம்பெனி பஸ் எந்த நேரம் எங்கே நிற்கும், விடுதி யார் பொறுப்பு என்று மேசையிலேயே கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் தேவையில்லை. நினைக்கிற நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

அப்பாவோ அண்ணனோ கூட வருவதில் தப்பில்லை. உங்களிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்வதுதான் தப்பு. ஐந்து நண்பர்கள் ஒன்றாகப் போய் "எடுத்தா அஞ்சு பேரையும் எடுங்க" என்பதும் இதே ரகம். கேட்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

சம்பளத்தை அரைகுறையாகக் கேட்பது

சம்பளம் கேட்கவே கூடாது என்று சில கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகக் கேட்கவேண்டாம், அவ்வளவுதான். வேலையைப் பற்றிப் பேசி முடித்தபின் கேளுங்கள். ஒரு தொகை சொன்னதும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அது சி.டி.சி.யா (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), கிராஸா (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), கைக்கு வருவதா?

ஒரு கணக்கு. கிராஸ் 18,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. கிராஸில் 0.75 சதவீதம், 135. கைக்கு 16,425. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 585. இவற்றையும் சேர்த்துச் சி.டி.சி. 20,025 என்று சொல்வார்கள். ஆக "இருபதாயிரம்" என்று காதில் விழுந்தது பதினாறாயிரத்துச் சொச்சம். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, பி.எஃப். உங்கள் பணம்தான். ஆனால் கேன்டீன், பஸ், ரூம் என்று தனியாகப் பிடித்தம் உண்டா என்பதையும் கேட்டால்தான் சென்னையில் அந்தப் பணத்தில் மாதத்தை ஓட்ட முடியுமா என்று தெரியும்.

உடை பற்றி நிறைய எழுதுகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோ சுடிதாரோ சேலையோ, காலில் ஷூவோ சுத்தமான செருப்போ போதும். கோட்டு வேண்டாம், வெந்துபோவீர்கள்.

தாள்களும் பணமும்

பயோடேட்டா, மார்க் ஷீட் நகல்கள் பத்து செட் கொண்டுபோங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வங்கிப் பாஸ்புக், பான் விவரமெல்லாம் தேர்வான பிறகு. அரசு நடத்தும் முகாமில் வேலை தேடுபவருக்குக் கட்டணமே கிடையாது. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று எந்த மேசையில் யார் கேட்டாலும் நேராக அமைப்பாளர் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

பல முகாம்களில் மாலையில் மேடையில் பணி நியமன ஆணை கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் தாளைப் படியுங்கள். பதவி, சம்பளம், ஊர், சேரவேண்டிய தேதி, கையெழுத்து இதெல்லாம் இருக்கிறதா? அடுத்த சுற்றுக்குத் தேர்வு என்று மட்டும் இருந்தால் அது இன்னும் வேலை ஆகவில்லை; தேடுவதை நிறுத்தவேண்டாம்.

ஒவ்வொரு மேசையிலிருந்து எழுந்ததும் நிறுவனம், பேசியவர் பெயர், எண், சொன்ன பணி, சொன்ன தொகை எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மேசை தாண்டியதும் எல்லாம் குழம்பிவிடும். எண் கொடுத்திருந்தால் மறுநாள் ஒரே ஒரு வாட்ஸ்அப்: பெயர், படிப்பு, நேற்று எந்தப் பணிக்காகச் சந்தித்தேன், எப்போதிலிருந்து சேர முடியும். தினமும் "சார் என்னாச்சு" வேண்டாம்.

பெரிய முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பல மாவட்டங்களில் வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் சிறு முகாம் நடக்கிறது. நிறுவனங்கள் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் எச்.ஆர். நிமிர்ந்து பார்த்துப் பேசுவார். பழகிக்கொள்ளவும் நல்ல இடம்.

தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்று பயந்து ஆர்டரை வாங்காமல் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு ரத்தாகாது, பதிவு மூப்பும் அப்படியே இருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.