பயாஸில் மறைந்திருக்கும் செட்டிங்கை மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

நீலகிரியில் மழைக்காலம் வந்துவிட்டால் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். ஆடியில் கூடலூர், அவலாஞ்சி பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம். கம்பி மேல் ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்தால் போதும். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் சிசிடிவி பதிவுக்காக ஓடும் கம்ப்யூட்டர், ராத்திரி கரண்ட் திரும்பியதும் யாரும் பட்டனை அழுத்தாமலே ஆன் ஆக வேண்டும். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இதற்கான செட்டிங், பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மெனுவில் தேடினாலும் கிடைக்காது.

பெரும்பாலும் அது உள்ளேதான் இருக்கும். தயாரிப்பாளர்கள் ஏஎம்ஐ, இன்சைட் போன்ற நிறுவனங்களின் பயாஸை வாங்கி, வேண்டாத வரிகளை மெனுவில் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு: பயாஸையே திருத்தி சிப்பில் எழுதுவது, அல்லது மெனுவைத் தொடாமல் அந்த செட்டிங்கின் மதிப்பை மட்டும் மாற்றுவது. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. 2013-ல் ஹாஸ்வெல் பிராசஸர்களோடு வந்த இன்டெல் பூட் கார்ட் (பயாஸ் திருத்தப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் பாதுகாப்பு) இயங்கும் மதர்போர்டில், திருத்திய பயாஸை எழுதினால் கம்ப்யூட்டர் எழாமலே போகலாம்.

முதல் வேலை: பேக்கப்

இதில் அவசரமே கூடாது. பவர் வயரையும் சிமாஸ் பேட்டரியையும் (மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி) கழற்றுங்கள். போர்டில் எட்டுக் கால் பயாஸ் சிப்பைத் தேடி, அதன் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். வின்பாண்ட் 25க்யூ64 என்றால் 8 எம்பி, 25க்யூ128 என்றால் 16 எம்பி. எந்த வோல்டேஜ் சிப் என்பதையும் அந்த எண்ணை வைத்தே பாருங்கள். சிப்பைப் படிக்கவும் எழுதவும் புரோகிராமர் என்ற சின்ன யூஎஸ்பி கருவியும், அதைச் சிப்பின் கால்களோடு இணைக்கும் கிளிப்பும் வேண்டும். மலிவான கருப்பு சிஎச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். சிப் கேட்பதோ 3.3. அதைச் சரிசெய்த புரோகிராமராகப் பார்த்து வாங்குங்கள். 1.8 வோல்ட் சிப் என்றால் தனி அடாப்டர் வேண்டும்.

கிளிப்பின் சிவப்பு வயர், சிப்பில் சின்னப் புள்ளி உள்ள முதல் காலில் உட்கார வேண்டும். மேகம் இறங்கும் நாளில் போர்டில் ஈரம் படியும். நன்றாகக் காய்ந்த பிறகே கிளிப்பை மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் புரோகிராமரைச் செருகி இரண்டு முறை படியுங்கள். 8 எம்பி சிப் என்றால் ஃபைல் சரியாக 83,88,608 பைட் இருக்கும். இரண்டு ஃபைலின் ஹாஷும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருந்தால்தான் அது பேக்கப். உள்ளே முழுக்க எஃப்எஃப் என்றே வந்தால் கிளிப் சரியாகத் தொடவில்லை.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், புது போர்டுகளில் செட்டிங்குகள் இதே சிப்பில்தான் பதிவாகின்றன. தப்பான மதிப்பு ஏறிவிட்டால் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது எப்போதும் காப்பாற்றாது. இந்த ஃபைல் காப்பாற்றும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

அதே பேக்கப்பை, பயாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐ டூல் என்ற மென்பொருளில் திறங்கள். இன்டெல் போர்டுகளில் இந்த செட்டிங்கின் பெயர் பெரும்பாலும் 'ஸ்டேட் ஆஃப்டர் ஜி3' (ஜி3 என்றால் கரண்டே இல்லாத நிலை). ஆங்கிலத்தில் அதைத் தேடி, கிடைத்த பிஇ32 பகுதியை (பயாஸுக்குள் இருக்கும் புரோகிராம் பகுதி) தனி ஃபைலாக எடுத்து, மெனு விவரங்களைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப்ஆர் எக்ஸ்ட்ராக்டரில் கொடுத்தால் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். அதில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஆஃப்செட் (மதிப்பு பதிவாகியிருக்கும் இடத்தின் எண்), அளவு, வார்ஸ்டோர் (செட்டிங்குகளைச் சேமிக்கும் தொகுப்பு) எண் மூன்றும் இருக்கும். கீழே எஸ்0 என்றால் 0, எஸ்5 என்றால் 1 என்பதுபோல் மதிப்புகள் இருக்கும். எஸ்0 என்பது கரண்ட் வந்ததும் ஆன் ஆகும் நிலை, எஸ்5 என்பது ஆஃப் ஆகவே இருக்கும் நிலை. வார்ஸ்டோர் எண்ணை வைத்து அதன் பெயரையும் அதே ஃபைலில் பாருங்கள்: சிலவற்றில் 'செட்டப்', சிலவற்றில் 'பிசிஎச் செட்டப்'. இதைக் கவனிக்காமல் எழுதினால் மதிப்பு வேறு எங்கோ போய் உட்காரும். அடுத்தவர் கம்ப்யூட்டரின் ஆஃப்செட்டை, ஒரே மாடலாக இருந்தாலும், பயன்படுத்தாதீர்கள்.

மாற்றுவது

பேட்டரியையும் பவர் வயரையும் திரும்ப மாட்டி, பயாஸ் மெனுவில் செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) அணையுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் அதற்கு முன்பே ரெகவரி சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, செட்டப்-வார் கட்டளை (பயாஸ் மதிப்பைப் படிக்க, மாற்ற உதவுவது) உள்ள கிரப் என்ற பூட் புரோகிராமின் ஃபைலை அதில் போட்டு பூட் செய்யுங்கள். வார்ஸ்டோர் பெயர், ஆஃப்செட், அளவு மட்டும் கொடுத்தால் இப்போதைய மதிப்பைக் காட்டும். டெக்ஸ்ட் ஃபைலில் உள்ள மதிப்புகளில் ஒன்றாக அது இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பொருந்தினால், அதே கட்டளையின் கடைசியில் புது மதிப்பையும் சேர்த்து அடியுங்கள். எழுத முடியவில்லை என்று பிழை வந்தால், அந்த போர்டு இந்த வழியைப் பூட்டி வைத்திருக்கிறது.

அப்புறம் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டு, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். பின்னால் பயாஸ் அப்டேட் செய்தால் ஆஃப்செட் நகரலாம். அப்போது பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.