கெர்னல் மேம்பாட்டுக்குப் பின் கோப்புகள் சரியாக நகலாகாதபோது

லினக்ஸ் கணினியில் கெர்னலை (இயங்குதளத்தின் மையக் கருவை) மேம்படுத்திய பிறகு கோப்பு நகலெடுப்பதில் கோளாறு தென்பட்டால், காரணத்தைத் தேடத் தொடங்குமுன் மூலக் கோப்புகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இடமாற்றும் கட்டளைகளைத் தொடாமல், நகலெடுக்கும் கட்டளைகளை மட்டுமே பயன்படுத்துங்கள். பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும் நகலால் பெரிய தீங்கு இல்லை. எல்லாம் முடிந்தது என்று அறிவித்துவிட்டு, வெற்றுக் கோப்பையோ சிதைந்த கோப்பையோ விட்டுச்செல்லும் நகலே அஞ்சத்தக்கது. இது வெறும் கற்பனை அச்சமன்று. நிலையான தொடரைச் சேர்ந்த 6.1.64 கெர்னலிலேயே ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையில்) தரவைச் சிதைக்கக்கூடிய வழு இருந்தது தெரியவந்ததால், 2023 டிசம்பரில் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் 12.3 வெளியீடு நிறுத்தி வைக்கப்பட்டு, திருத்தப்பட்ட கெர்னலுடன் 12.4 வெளியிடப்பட்டது.

அடுத்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று யுநேம் (uname -r) கட்டளையால் பாருங்கள். புதிய கெர்னல் நிறுவப்பட்டிருந்தும் கணினி மறுதொடக்கம் செய்யப்படாமல் இருந்தால், நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னலாகவே இருக்கும். ஆர்ச் போன்ற வழங்கல்களில் மேம்பாட்டின்போதே பழைய கெர்னலின் தொகுதிகள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் பகுதிகள்) வட்டிலிருந்து நீக்கப்பட்டுவிடுவதால், அதன் பிறகு செருகும் யூஎஸ்பி வட்டின் கோப்பு முறைமை தெரியாத வகை என்று கணினி மறுத்துவிடும். மறுதொடக்கம் செய்தாலே இது தீர்ந்துவிடும். வட்டை வடிவமைக்கச் சொல்லும் அறிவுரை எதையும் இந்த நிலையில் கேட்காதீர்கள்.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் கோளாறு நீடித்தால், கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துக் கணினியைத் தொடங்கி, அதே கோப்பை அதே வட்டுக்கு அதே கட்டளையால் நகலெடுத்துப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையைவிடவும் இதை நான் மேலாக மதிக்கிறேன். பழைய கெர்னலிலும் நகல் தவறினால், பழுதடைந்த கம்பி, தேய்ந்த வட்டு, நிரம்பிய இடம், அல்லது ஒரே கோப்பு 4 ஜிபியை எட்ட விடாத ஃபேட்32 கோப்பு முறைமையின் வரம்பு போன்ற ஒன்றே காரணமாக இருக்கலாம். கெர்னலை அதற்காகக் குறைகூற முடியாது. பழையதில் சரியாகவும் புதியதில் தவறாகவும் நடந்தால், மாறியது என்ன என்பதை மட்டும் தேடினால் போதும். இச்சோதனை முடியும்வரை பழைய கெர்னலை நீக்கிவிடாதீர்கள்.

புதிய கெர்னலில் நகல் தவறும் அதே நேரத்தில் டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் பதிவையும் படியுங்கள். யூஎஸ்பி சாதனம் மீண்டும் மீண்டும் மீட்டமைக்கப்படுவதாகவும், யூஏஎஸ் (யூஎஸ்பி வட்டுகளுக்கான வேகமான முறை) இயக்கி கட்டளைகளைக் கைவிடுவதாகவும் வரிகள் வந்தால், வட்டின் வெளியுறையில் உள்ள சில்லு அந்த இயக்கியோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அச்சாதனத்தின் அடையாள எண்களை யூஎஸ்பி சேமிப்பு இயக்கியின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்து, பழைய முறையில் இயங்கச் செய்யலாம். வேகம் குறையும், ஆனால் தரவு பிழைக்கும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) வட்டு எழுத மறுத்தால், விண்டோஸ் முழுமையாக அணைக்கப்படாமல் வேகத் தொடக்க நிலையில் விடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 5.15 கெர்னலில் சேர்ந்த புதிய என்டிஎஃப்எஸ்3 இயக்கி, சுத்தமாக மூடப்படாத வட்டை இணைக்க மறுக்கும். அதை வலிந்து இணைப்பதைவிட, விண்டோஸுக்குத் திரும்பி வட்டைச் சரிபார்த்து முழுமையாக அணைப்பதே முறை.

பிணையச் சேமிப்பகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 4.13 கெர்னலிலிருந்து எஸ்எம்பி (பிணையத்தில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) இணைப்பு இயல்பாக முதல் பதிப்பைப் பயன்படுத்துவதில்லை. அதை மட்டுமே அறிந்த பழைய சேமிப்பகப் பெட்டிகள் இணையாமல் போகும். அப்போது இணைப்புக்கான அடைவு வெறுமையாகவே இருக்கும். நகலெடுக்கும் கோப்புகள் உங்கள் உள்வட்டிலேயே விழுந்து, கடைசியில் இடமில்லை என்ற பிழை வரும். டிஎஃப் (df) கட்டளையில் அந்த அடைவின் பெயரைக் கொடுத்தால், அது உண்மையில் எந்த வட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பதிப்பு 1.0 என்று குறிப்பிட்டு இணைக்க வழியிருந்தாலும், அந்நெறிமுறை பாதுகாப்பற்றது என்பதால், கோப்புகளை வெளியே எடுக்கும்வரை மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

மிகவும் நுட்பமானது காப்பி-ஃபைல்-ரேஞ்ச் (copy_file_range) என்னும் கணினி அழைப்பை, அதாவது நிரல் கெர்னலிடம் விடுக்கும் வேண்டுகோளை, சார்ந்த கோளாறு. 4.5 கெர்னலில் வந்த இவ்வழைப்பு, தரவை நிரலின் நினைவகத்துக்குக் கொண்டுவராமல் கெர்னலுக்குள்ளேயே நகலெடுக்கும். 5.3 கெர்னலில் வெவ்வேறு கோப்பு முறைமைகளுக்கிடையேயும் இது அனுமதிக்கப்பட்டபோது, தங்கள் அளவைச் சுழியம் என்று காட்டும் ப்ராக் (/proc, கெர்னல் தானே உருவாக்கிக் காட்டும்) அடைவுக் கோப்புகளைச் சில நிரல்கள் வெற்றுக் கோப்புகளாக நகலெடுத்தன. பிழை எதுவும் எழவில்லை. 5.19 கெர்னலில் அந்த அனுமதி மீண்டும் குறுக்கப்பட்டது. இதைச் சந்தேகித்தால், அதே கோப்பை டிடி (dd) கட்டளையால் நகலெடுத்துப் பாருங்கள். அது இவ்வழைப்பைத் தவிர்த்து, வழக்கமாகப் படித்து எழுதும். சிபி (cp) கட்டளையில் ரீஃப்லிங்க் விருப்பத்துக்கு நெவர் என்ற மதிப்பைக் (--reflink=never) கொடுத்தாலும் அதே விளைவு கிடைக்கும். இவ்வழிகளில் கோப்பு முழுமையாக வந்து, வழக்கமான நகலில் மட்டும் குறைந்தால், கோளாறு இருக்கும் இடம் தெளிவாகிவிட்டது. கெர்னல் எண், கோப்பு முறைமை, கட்டளை ஆகிய மூன்றையும் குறித்து உங்கள் வழங்கலின் வழுப் பதிவேட்டில் தெரிவியுங்கள்.

நகலைச் சரிபார்க்கும்போது ஒரு தவறு எளிதில் நேர்கிறது. எழுதிய உடனே ஒப்பிட்டால், கணினி வட்டிலிருந்து படிக்காமல் நினைவகத்தில் தங்கிய பிரதியையே காட்டக்கூடும். ஆகவே வட்டின் இணைப்பை முறையாகத் துண்டித்து (unmount), மீண்டும் இணைத்து, சிஎம்பி (cmp) கட்டளையாலோ ஷா256 சரிபார்ப்பெண்ணாலோ மூலத்தோடு ஒப்பிடுங்கள். அது பொருந்திய பிறகே மூலக் கோப்பை அழிப்பதைப் பற்றி எண்ணலாம்.