கத்தரி வேரில் முடிச்சு இருக்கிறதா?

கொள்ளிடக் கரைப் படுகையில் கத்தரி, வெண்டை போட்டிருப்பவர்கள் கவனத்துக்கு. தண்ணீர் இருந்தும் செடி மதியத்தில் துவண்டு, இலை வெளுத்து, வளராமல் நின்றால் உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரே வீங்கி, மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. (உளுந்து வேரில் இருப்பது வேறு. அது நல்ல முடிச்சு, விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.)

நிற்கிற பயிரைக் காப்பாற்றுவது கஷ்டம்தான். அடுத்த பட்டத்துக்கு முன் பழைய கட்டைகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, கோடையில் உழுது மண்ணைக் காயவிடுங்கள். அப்போது புரண்டு வரும் வெள்ளைப் புழுக்களை (இவை நூற்புழு அல்ல, வேரைத் தின்னும் வண்டின் புழுக்கள்) மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. மக்காத சாணம் வேண்டவே வேண்டாம், அந்த வெள்ளைப் புழுவின் தாய் வண்டு அதைத் தேடி வந்து முட்டையிடும். ஊடே செண்டுமல்லி வையுங்கள். அதன் வேர் நூற்புழுவுக்கு ஆகாது, பூவும் காசாகும்.

அப்புறம், தண்ணீர் கட்ட முடிகிற வயல் என்றால் ஒரு போகம் நெல் போடுவதுதான் என் முதல் யோசனை. தேங்கிய நீரில் நூற்புழு வெகுவாகக் குறைந்துவிடும்.