ஒரு குரல், ஒரு பியானோ: நேரடி ஆல்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானே பாட்டெழுதி மெட்டமைத்துப் பாடும் ஒருவர், பியானோவை மட்டும் துணையாகக் கொண்டு மேடையில் பாடியதை ஆல்பமாக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, குரலையும் பியானோவையும் தனித்தனியே கருதுவதில் தொடங்குகின்றன. பாடுபவரின் வாய்க்கும் தந்திகளுக்கும் இடையே சில அடி தூரமே இருப்பதால், குரல் மைக்கில் பியானோவும் பியானோ மைக்கில் குரலும் கலந்தே தீரும். இதற்கு அஞ்சிப் பியானோவின் மூடியைச் சாத்தி, மைக்குகளை உள்ளே திணித்தால், குரல் தெளிவாக இருந்தாலும் பியானோ பெட்டிக்குள் அடைபட்டதுபோல் ஒலிக்கும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் மைக்கைக் குரலுக்கு வைத்து, அதன் பின்புறம் பியானோவை நோக்கி இருக்கும்படி செய்தாலே கலப்பு பெருமளவு குறையும். எஞ்சும் கலப்பில் ஒரே குரல் இரண்டு மைக்குகளுக்கும் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து, தன்னைத் தானே மெலியச் செய்யக்கூடும் என்பதால், எல்லா மைக்குகளையும் ஒருசேரத் திறந்து கேட்ட பிறகே அவற்றின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

சுருதி விலகினால் மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம் என்று நம்புவதும் தவறு. குரல் மைக்கில் பதிந்ததைத் திருத்தினாலும், பியானோ மைக்குகளில் பதிந்த பழைய சுருதி நிழல்போல அருகிலேயே கேட்கும். அதைவிட, இரண்டு மூன்று இரவுகள் பதிவு செய்து சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது மேல்.

பியானோவைக் காலையில் சுருதி சேர்த்துவிட்டு மாலையில் பதிவு செய்யக் கூடாது. இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளின் சுருதி மேடை விளக்கின் வெப்பத்தாலும் அரங்கின் ஈரப்பதத்தாலும் மாறும். விளக்குகள் எரியும்போதே சுருதியைச் சரிபார்த்து, இடைவேளையில் மீண்டும் பார்க்க வேண்டும். 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் குறைபாடுள்ள சிறிய பியானோவில் வாசித்தும் அந்தப் பதிவு பெரும்புகழ் பெற்றதே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அவர் வாசித்தது பெரும்பாலும் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, என்பதால், பொலிவிழந்த மேல் ஸ்தாயியை விட்டு நடுப்பகுதியிலேயே அதிகம் சஞ்சரிக்க முடிந்தது. எழுதி முடித்த பாட்டுக்கு அந்த வசதி இல்லை.

நாற்காலியின் கிரீச்சொலியை ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பியானோவில் காலால் மிதிக்கும் பெடலின் ஓசையை முற்றிலும் துடைத்தெறியத் தேவையில்லை. பாடல்களுக்கு இடையிலான பேச்சையெல்லாம் வெட்டிவிட்டால், அடுத்த பாட்டுக்குப் பாடுபவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது கேட்பவருக்குப் புரியாது.

தொகுப்பில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பாட்டின் முடிவை அவசரமாக வெட்டுவதுதான். கடைசி ஸ்வரக்கூட்டு கரையும்போது பெடல் மெல்ல எழுகிறது, அதிர்வை அடக்கும் கம்பளித் தக்கைகள் தந்திகளில் படிகின்றன, அரங்கு ஒரு கணம் மூச்சடக்குகிறது, பிறகே முதல் கைதட்டல் வருகிறது. அந்தச் சில நொடிகளும் ஆல்பத்தில் இருக்க வேண்டும்.