கேட்டபடியே வாசித்தவர்கள்

பெங்களூரில் என் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலை அறிமுகப்படுத்தியபோது, கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த தமிழ் இளைஞர்கள் ஆர்வத்துடன் கதை கேட்டார்களே தவிர, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கி, புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுச் சென்றார்கள். ஆகவே முதல் அத்தியாயத்தை என் குரலிலேயே பதிவுசெய்து, அதற்கான கியூஆர் குறியீட்டைப் பக்க அடையாள அட்டையில் அச்சிட்டு, 2009-இல் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட அல்சூர் ஏரிப் பகுதியில் நடந்த அடுத்த சந்திப்பில் கொடுத்தேன். நாகர்களின் நிலவறைக் காட்சியை வாசித்து, கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு பெண் நூலைப் புரட்டி, வரிகளை விரலால் தொட்டபடி மீதியைத் தாமே வாசித்தார். விளம்பரப் பதாகைகளைவிட இதுவே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். பாத்திரப் பெயர்களின் உச்சரிப்பு குறித்து வரும் கேள்விகளுக்கும் இப்போது குரல் பதிவாகவே பதிலளிக்கிறேன்.