ஒரு நாட்டின் காலநிலை உறுதிமொழியை வாசிப்பது எப்படி?

"நிகர பூஜ்ஜியத்தை எட்டுவோம்", அதாவது வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களையும் திரும்ப உறிஞ்சப்படுவதையும் சமமாக்குவோம் என்று ஒரு அரசு அறிவித்தால், நான் செய்தியோடு நிற்பதில்லை. மூல ஆவணத்தைத் தேடிப் போகிறேன். 2015 பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் இலக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அது முந்தையதைவிட ஒரு படி மேலே இருக்கவும் வேண்டும். எல்லாமே ஐ.நா. காலநிலை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் கிடைக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம். இலக்கு வரும் பக்கமும் கணக்கு விவரங்களும் போதும்.

முதலில், உமிழ்வை, அதாவது வெளியிடும் வாயுக்களை, எந்த ஆண்டின் அளவிலிருந்து குறைக்கிறார்கள் என்று பாருங்கள். 1990-ஆ, 2005-ஆ? சில நாடுகள் "இப்படியே போனால் எவ்வளவு வருமோ, அதிலிருந்து" என்று எழுதும். அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே, பெரிதாக எதுவும் செய்யாமல் இலக்கைத் தொட்டுவிடலாம்.

அடுத்து, குறைவது உமிழ்வா, உமிழ்வுச் செறிவா? பலரும் தடுமாறுவது இங்கேதான். இந்தியா 2030-க்குள் செறிவை 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருந்தது. செறிவு என்பது பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு உமிழ்வு என்ற கணக்கு. அந்தக் காலத்தில் பொருளாதாரம் மூன்று மடங்கானால், 0.55-ஐ 3-ஆல் பெருக்குங்கள்: 1.65. அதாவது செறிவு இலக்கை எட்டியும் மொத்த உமிழ்வு 65 சதவீதம் கூடும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வளர வேண்டிய நாட்டுக்கு இது நியாயமான அளவுகோல். ஆனால் படிப்பவருக்கு வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

மின்சாரத்திலும் இதே கவனம் வேண்டும். "நிறுவு திறனில் (நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவில்) பாதி" என்பதும் "உற்பத்தியில் பாதி" என்பதும் ஒன்றல்ல. 100 மெகாவாட் சூரிய மின் நிலையம், இரவையும் மேகத்தையும் கழித்தால், ஆண்டுச் சராசரியில் 20 மெகாவாட் அளவுக்குத் தந்தாலே நல்ல இடம்தான். அதே திறனுள்ள அனல் மின் நிலையம் அதைப்போல மூன்று மடங்கு தர முடியும். ஆகவே உற்பத்தி யூனிட் கணக்கைத் தேடுங்கள்.

அப்புறம், "வெளிநாட்டு நிதி கிடைத்தால்" என்ற நிபந்தனை இருக்கிறதா, காடு உறிஞ்சும் கரியமில வாயுவையும் வெளியே வாங்கும் கார்பன் வரவுகளையும் (வேறு இடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்றுகள்) கழித்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியாக, தொலைதூர ஆண்டை விட்டு 2030, 2035 வரிகளுக்கு வாருங்கள். இன்று கட்டும் அனல் மின் நிலையம் நாற்பது ஆண்டு ஓடக்கூடியது. அவற்றை எப்போது மூடுவார்கள் என்று ஒரு சொல்கூட இல்லாவிட்டால், அந்த உறுதிமொழியை நான் நம்புவதில்லை. இலக்குக்குச் சட்டம் உண்டா என்றும் தேடுங்கள். பிரிட்டன் 2008-இலேயே சட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு உமிழ்வு வரம்பும், அரசைக் கண்காணிக்கத் தனிக்குழுவும் வைத்தது. அப்படி எதுவும் இல்லாத நாடென்றால் பட்ஜெட்டை எடுத்து, மின்பாதைக்கும் மின் சேமிப்புக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.