விழித்திரைக்கு வலி தெரியாது: சர்க்கரை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பார்வை நல்லாத்தானே இருக்கு, கண்ணை எதற்குக் காட்ட வேண்டும்?” சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். முதல் தவறு இதுதான். கண்ணின் பின்பக்க உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம் விழித்திரை. அதற்கு வலி தெரியாது. அங்கே ரத்தக் குழாய்கள் வீங்கினாலும், நீர் கசிந்தாலும், கண் சிவக்காது, உறுத்தாது. மையப் பகுதியான மாகுலா கெடும்வரை பேப்பர்கூடப் படிக்கலாம். ஒரு கண் மங்கினாலும் இன்னொன்று ஈடுகட்டிவிடும். அதனால் அவ்வப்போது ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சுவர் காலண்டரைப் பாருங்கள். கட்டங்கள் வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த உடனேயே கண்ணையும் காட்ட வேண்டும். நமக்குத் தெரிவதற்குச் சில வருடம் முன்பே அது உடம்பில் இருந்திருக்கலாம். அப்புறம் வருடம் ஒருமுறையாவது பரிசோதனை. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் 3 மாதத்துக்குள் பார்ப்பது அவசியம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது இந்தக் கணக்கில் சேராது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பதே வழக்கமான முழுப் பரிசோதனை. சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, “புரைதான், முத்தட்டும்” என்று காத்திருப்பது. எல்லா மங்கலும் புரை அல்ல. புரையை எடுத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். விழித்திரையில் செத்துப்போன செல்கள் திரும்ப வராது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். விழித்திரையைக் கவனிக்காமல் புரையை மட்டும் எடுத்தால் மாகுலா வீக்கம் கூடவும் வாய்ப்பு உண்டு. புரை மறைத்துப் பின்பக்கம் தெரியவில்லையா? ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

சிகிச்சையைப் பாதியில் விடுவது அடுத்த தவறு. “லேசர் வைத்தும் பார்வை கூடவில்லையே” என்பார்கள். பெரும்பாலும் லேசர் வைப்பது இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். மாகுலா வீக்கத்துக்குப் போடும் ஊசியும் ஒன்றோடு முடியாது. பெரும்பாலும் தொடக்கத்தில் மாதம் ஒன்று எனப் போட வேண்டியிருக்கும். கண்ணுக்குள் ஊசியா என்ற பயம் புரிகிறது. மரத்துப்போக மருந்து விட்ட பிறகுதான் போடுவார்கள், சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, அது கிருமித் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று கண் பரிசோதனையை நிறுத்துவதும் சரியல்ல. ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திடீரென்று பூச்சிகள் பறப்பது போலக் கரும்புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டு, பக்கவாட்டிலிருந்து திரை இழுப்பது போன்ற மறைப்பு: இவை விழித்திரை கிழிவதற்கோ பிரிவதற்கோ அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், எந்தச் சொட்டும் கிழிசலை ஒட்டாது. மாகுலா பிரியும் முன் ஆபரேஷன் நடந்தால் பார்வை தப்பும் வாய்ப்பு மிக அதிகம். ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானமும் வேண்டாம், ஊட்டி, கொடைக்கானலும் வேண்டாம். மேலே ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும்.